ஒபோகா கட்டிய கல்லறை

பிறந்த ஊரில் ஒரு சாவுக்குப் போய் அழுதுவிட்டுத் திரும்பிய லமாரோ, தன் வீட்டு வாசலுக்கு நேரே, எள் காயப்போடும் இடத்தில், புதிதாக ஒரு கல்லறை முளைத்திருப்பதைப் பார்த்தாள். சிமெண்டு இன்னும் சரியாக வெளுக்கக்கூட இல்லை. மேலே சிலுவை வேறு. யார் வேலை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. விடிந்தால் நிலப் பதிவு ஆபீசரம்மா வரப்போகிறாள். அதற்குள் கொழுந்தன் ஒபோகா தன் கைவரிசையைக் காட்டிவிட்டான், பாவி.

அச்சோலி நாட்டில் நிலத்துக்குப் பத்திரம் ஏது? உன் ஆள் எந்த மண்ணில் படுத்திருக்கிறானோ, அந்த மண் உன்னுடையது. சண்டை ஓய்ந்து முகாம்களைக் கலைத்துச் சனங்கள் ஊர் திரும்பியதிலிருந்து, எந்த எல்லைத் தகராறிலும் முதல் கேள்வி கல்லறை எங்கே என்பதுதான். லமாரோவின் புருஷனைக் காட்டுக்குள்ளிருந்து சண்டைபோட்ட கலகக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. காட்டுவதற்கு அவளிடம் ஒரு பிடி மண்மேடு கிடையாது. "வழக்கப்படி நீ இனிமே என் பொண்டாட்டி" என்று வந்து நின்ற ஒபோகாவை அவள் துடைப்பத்தால் விரட்டியிருந்தாள். வேறு போக்கிடமும் அவளுக்கு இல்லை. அண்ணன் பெண்டாட்டிகள் பிறந்த வீட்டில் ஒரு பாய் விரிக்கக்கூட விடமாட்டார்கள். இந்த மரவள்ளிக் கொல்லையும் எள்ளு வயலும் போனால் அவள் தெருவில்தான் நிற்க வேண்டும்.

காலையில் ஊரே கூடிவிட்டது. வேலை செய்ய வரச் சொன்னால் முதுகுவலி என்பவனெல்லாம் முதல் வரிசையில் நின்றான். மண்வெட்டித் தலைவர் ஒச்செங் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எவன் எதுவரை கொத்துகிறான் என்று இந்தப் பக்கத்தில் தீர்ப்புச் சொல்லும் பெரியவர் அவர்தான். ஆபீசரம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லையைச் சுற்றி நடந்துவிட்டு வந்து கல்லறை முன்னால் நின்றாள்.

"இது யாரோடது?"

"எங்கம்மாவோடது" என்றான் ஒபோகா. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டிருந்தான். "முகாம்ல செத்துப் போச்சு. நான்தான் எலும்பைக் கொண்டாந்து வச்சேன். எங்கம்மா படுத்திருக்கிற எடம், எம்பேர்ல எழுதிக்குங்க."

லமாரோ முன்னால் வந்தாள். "எப்படா கொண்டாந்த? நான் ஊருக்குப் போன நாலு நாள்லயா?"

"அப்பதான் வீட்டுல பேய் இல்லாம இருந்துச்சு, அண்ணி."

கூட்டம் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? ஒபோகா முந்தின நாளே எல்லாருக்கும் சாராயம் ஊற்றியிருந்தான்.

"உங்கம்மா காலராவுல செத்தா" என்றாள் லமாரோ. "கழுவ விடல, அழ விடல. வாயில துணி கட்டினவங்க வந்து இருபது முப்பது பொணத்தோட ஒரே குழியில போட்டு மேல சுண்ணாம்பக் கொட்டினாங்க. அதுல எதுடா உங்கம்மா எலும்பு? பேர் எழுதி வச்சிருந்துச்சா?"

"பொய்! புருஷனத்தான் முழுங்கினா, இப்ப மாமியாரையும் குழியில தள்றா பாருங்க!"

"அங்க நான் இருந்தேன். நீ எங்க இருந்த? டவுன்ல எவளோடயோ கூத்தடிச்சிக்கிட்டு இருந்த!"

ஒச்செங் கைத்தடியால் தரையைத் தட்டினார். "வாய மூடுங்க ரெண்டு பேரும். கண்ணுக்கு முன்னால கல்லறை இருக்கு. அதுக்கு மேல என்னம்மா பேசுற?"

"தோண்டிப் பாருங்க, பெரியவரே."

கல்லறையைத் திறப்பதாவது! ஆடு வெட்டாமல், குலத்தைக் கேட்காமல் அதில் கைவைத்தவளை ஊரைவிட்டே துரத்துவார்கள். அந்தத் தைரியத்தில்தான் ஒபோகா சிமெண்டைக் குழைத்திருந்தான். ஆபீசரம்மா ஒபோகாவின் பேரைக் கேட்டு எழுத ஆரம்பித்தாள்.

லமாரோ வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் மண்வெட்டி இருந்தது.

"வேணாம்டி" என்று எழுந்தேவிட்டார் ஒச்செங். "உள்ள ஒரு எலும்பு இருந்துச்சுன்னா, சாயங்காலத்துக்குள்ள இந்த ஊர்ல நீ இருக்க மாட்ட. நானே உன்னை ஓட்டிடுவேன்."

"ஓட்டுங்க. இல்லாட்டியும் நான் இங்க இருக்கப்போறதில்லையே."

முதல் வெட்டிலேயே சிமெண்டு பிளந்தது. மணலைக் கலந்து திருட்டுத்தனமாகப் பூசியது, அப்பளமாக நொறுங்கியது. ஒபோகா பாய்ந்து வந்தான். அவள் மண்வெட்டியை ஓங்கினாள். "கிட்ட வந்த, உன்னையே உள்ள போட்டு மூடிடுவேன்." அவன் நின்றுவிட்டான். ஒருத்தரும் உதவிக்கு வரவில்லை, பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம் என்று அவள் வெட்டிக்கொண்டே போனாள். பாதியில் அவளுக்கு ஒரு பயம் வந்தது. இந்தப் படுபாவி எங்கிருந்தாவது நாய் எலும்பையாவது பொறுக்கி வந்து போட்டிருந்தால்? ஆனாலும் நிறுத்தவில்லை.

கடைசியில் யாரும் ஒருநாளும் வெட்டாத சிவப்புக் கெட்டி மண் வந்தது. ஒச்செங் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். ஒபோகாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"பெத்தவ பேர்ல வெறுங்குழியா?" என்று காறித் துப்பினார் பெரியவர். "வெறுங்குழி சும்மா கெடக்காது, ஆளக் கேக்கும். ஆடு ஒண்ணு புடிச்சிட்டு வா. பொணத்துக்குப் பதிலா வாழத்தண்ட உள்ள வச்சு நீயே மூடு. எழுதுங்கம்மா, லமாரோன்னு எழுதுங்க."

ஆபீசரம்மா அடித்துவிட்டு எழுதினாள். கூட்டம் கலைந்தது. நேற்றுக் குடித்த சாராயத்தை மறந்து, இன்றைக்கு ஒபோகாவைத் திட்டிக்கொண்டே போனது, வெட்கங்கெட்ட கூட்டம். லமாரோவுக்கு உடம்பெல்லாம் மண். கொப்புளம் போட்ட கையோடு குழியைவிட்டு ஏறினாள்.

ஒபோகா மட்டும் போகவில்லை. குழியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி." குரல் வேறு மாதிரி வந்தது. "அந்தச் சுண்ணாம்புக் குழி... நெசமாவா?"

"பின்ன?"

"எங்க இருக்கு? முகாம் இருந்த எடம் பூரா இப்ப சந்தையால்ல ஆயிடுச்சு. நான் அங்கதான வாரா வாரம் ஆடு விக்கிறேன். எந்தப் பக்கம், அண்ணி?"

அவளுக்குத் தெரியும். சந்தையின் மேற்கு ஓரம், புளியமரத்தடி. தூக்கிப்போட்டபோது கிழவியின் ஒரு கால் வெளியே தெரிந்தது. சுண்ணாம்பு விழுந்து மறைகிற வரைக்கும் லமாரோ அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தாள்.

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்குற" என்றாள்.

"அண்ணி, உன் கால்ல விழறேன்."

"விழு."

விழுந்தான். அவள் அவனைத் தாண்டிப் போய் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.