கோழி சொன்ன தீர்ப்பு

எங்கள் முதலாளி சுவாங், "வேலையை விட்டுப் போ" என்று யாரிடமும் வாயால் சொன்னதே கிடையாது. சொன்னால் இரண்டு பேர் மரியாதையும் கெட்டுப்போகுமாம். அதனால் அந்த வேலையை அவர் கோழியிடம் விட்டுவிட்டார்.

சீனாவில், எங்கள் செருப்புத் தொழிற்சாலை இருக்கும் ஜின்ஜியாங்கில், வருஷக் கடைசி விருந்துக்குக் கோழி தலையோடு முழுசாக வரும். அலகு யாரைப் பார்த்து நிற்கிறதோ, அவர் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு திரும்பி வர வேண்டாம் என்று அர்த்தம். இந்தக் காலத்து முதலாளிகள் தலையைத் தங்கள் பக்கமே திருப்பி வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று. சுவாங்கும் போன வருஷம் வரை அப்படித்தான் செய்தார்.

இந்த வருஷம் எங்கள் செருப்புகள் வாங்கியவரிடமிருந்து அப்படியே திரும்பி வந்தன. அடிப்பாகம் தோசை மாதிரி உரிந்து வந்தது. மலிவான பசையை வாங்கிப் போட்டது முதலாளியின் மருமகன் ஹொங்பின். தையல் பிரிவைப் பார்க்கும் எனக்கும் தெரியும், பசை ஒட்டும் பிரிவைப் பார்க்கும் லாய் அண்ணனுக்கும் தெரியும், வாசல் காவலாளிக்கும் தெரியும். ஆனால் அதை விசாரித்த கூட்டத்தில் முதலாளி ஹொங்பினைப் பார்க்கவில்லை. லாய் அண்ணனைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். லாய் அண்ணன் எழுந்து, "என் கவனக்குறைவுதான்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். பெரிய மனுஷர் மானத்தைக் காப்பாற்றினால் அவர் நம்மைக் கைவிட மாட்டார், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். குடும்பமாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

விருந்தன்று நாங்கள் எல்லாம் முதலாளியின் வட்ட மேஜையில் இருந்தோம். கோழி வந்தது. மேஜை நடுவிலிருந்த சுழல் தட்டை முதலாளி மெல்லத் திருப்பினார், பக்கத்து ஆளிடம் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே. அலகு லாய் அண்ணனுக்கு நேரே வந்ததும் கையை எடுத்துவிட்டார். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

லாய் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. ஐம்பதைத் தாண்டிய ஆளை இனி எந்தத் தொழிற்சாலை எடுக்கும்? மேஜையில் அத்தனை பேரும் தங்கள் கிண்ணத்தையே பார்த்தார்கள். எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. என்னால் முடியவில்லை. தட்டைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பினேன். அலகு ஹொங்பின் நெஞ்சுக்கு நேராகப் போய் நின்றது.

ஹொங்பின் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் அப்படியே நின்றன. முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மெய்ஷுவானுக்குக் கோழி எட்டலை போல. யாராவது ஒரு துண்டு எடுத்து வைங்கப்பா."

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு கை தட்டின் மேல் விழுந்தது. லாய் அண்ணன் கைதான். தட்டை மெதுவாகத் தன் பக்கமே திருப்பினார், அலகு தனக்கு நேராக வரும்வரை. பிறகு எழுந்து, தன் கோப்பையை மரியாதைக்காக முதலாளியின் கோப்பைக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தார்.

"இத்தனை வருஷம் சோறு போட்டீங்க முதலாளி. முழங்கால் ரொம்ப வலிக்குது. ஊரோட இருந்துடலாம்னு பார்க்கிறேன்."

முதலாளிக்குக் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை நான் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.

"நீ போறேன்னு சொல்றது மனசுக்குக் கஷ்டமா இருக்கு லாய். உடம்பைப் பார்த்துக்கோ."

எல்லாரும் கை தட்டினார்கள். அதன் பிறகுதான் அந்த மேஜையில் மூச்சு வந்தது. ஹொங்பின் கோழிக் காலைப் பிய்த்துக்கொண்டான்.

விருந்து முடிந்து, வாசலில் லாய் அண்ணனைப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா அப்படிப் பண்ணினே? அவர் வாய்விட்டு எதுவும் சொல்லாம, மரியாதையா என்னை அனுப்பினார். நீ அத்தனை பேர் முன்னாடி என்னைப் பரிதாபத்துக்குரிய ஆளா ஆக்கிட்டே."

"பண்ணாத தப்புக்கு வேலை போகுது அண்ணே. உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வருது," என்றார். "உன் மேலதான்."