அண்ணி இருக்கும் இடம்

1

சொன்னால்தான் என்ன? ஓர் ஊர்ப் பெயர். அதற்கு மேல் அண்ணன் கேட்கவில்லையே.

அவள் மனதுக்குள் இப்படித்தான் கதை தொடங்குகிறது. கைபேசி நிறுவனம் ஒன்றின் வழக்கறிஞர் அவள். எந்த போன் எந்த செல்போன் கோபுரத்துக்குக் கீழே இருக்கிறது என்பதை யாருக்குச் சொல்லலாம், யாருக்குக் கூடாது என்று முடிவு செய்வது அவள் வேலை. அதே வேலை பார்க்கும் ஒருத்தி ஒரு விருந்தில் என்னிடம், "சொந்தக்காரங்கதான் அதிகம் கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றினாள். அந்த மாற்றம் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை; இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

2

(எழுதி அடித்தது: "அலைக்கற்றை வழக்குகளில் தொடங்கி, கோபுரத் தகராறுகள், ஒழுங்குமுறை ஆணையங்கள் என அவள் கண்ட வெற்றிகள்" — இதற்கு மேல் வரவில்லை. அண்ணன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வெற்றிகளால் அவளுக்கு என்ன பயன்?)

3

அண்ணி வீட்டை விட்டுப் போய் ஒரு வாரம். அண்ணன் அவள் அலுவலக அறைக்கே வந்துவிட்டான்.

"போனை எடுக்கவே மாட்டேங்கறா, பாப்பா. நீ ஒரு பட்டனைத் தட்டினா தெரிஞ்சிடும்."

"பட்டனா? நான் என்ன லிஃப்டா ஓட்டறேன்?"

"எங்கிட்டயே சட்டம் பேசறியா? உன்னைப் படிக்க வச்சது—"

"படிக்க வச்சது அப்பா. நீ என் சைக்கிளைத்தான் வித்தே."

அவன் சிரிக்கவில்லை. கண்ணாடிக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அவ உயிருக்கு ஆபத்துன்னு பயமா இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தச் சொற்கள் வந்துவிட்டால் இடத்தைச் சொல்ல நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். நிறுவன விதிகளில் அந்த விதிவிலக்கை எழுதியவள் அவளே. போன மாதம் அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது அதைப் பெருமையாக விளக்கியவளும் அவளே. அன்று அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அண்ணிதான் கேட்டாள்: "யாரு வேணா அப்படிச் சொல்லிடலாமா?"

"நான் பாத்துக்குவேன் அண்ணி" என்று இவள் சொல்லியிருந்தாள்.

4

இங்கே தடுமாறுகிறேன். அவன் பயம் உண்மையாக இருந்தால்? ஒரு முடிவில் அவள் இடத்தைச் சொல்கிறாள். அண்ணன் ஏதோ ஒரு கதவைத் தட்டுகிறான். உள்ளே அண்ணி மூச்சை அடக்கிக்கொண்டு — நிறுத்திவிட்டேன். இன்னொரு முடிவில் அவள் சொல்லவில்லை, மறுநாள் — அதையும் நிறுத்திவிட்டேன். இரண்டையும் அவளும் நினைத்துப் பார்த்துவிட்டாள்.

"சரி, கிளம்பு. போலீஸ்ல சொல்லுவோம். அவங்க கேட்டா எங்க கம்பெனியில உடனே குடுத்துடுவாங்க. நானும் வரேன்."

"போலீஸா? மானம் போயிடும் பாப்பா."

"உயிர் போகுதுன்னியே?"

அவன் கார் சாவியை எடுத்துக்கொண்டான்.

"அண்ணி எங்கன்னு நான் பாக்க மாட்டேண்ணா" என்றாள் தணிந்த குரலில்.

5

அவன் போன பிறகும் அவளால் உட்கார முடியவில்லை. சன்னலுக்கும் மேசைக்கும் நடந்தாள். பிறகு அண்ணியின் எண்ணுக்கு எழுதினாள்: "நல்லா இருக்கீங்களான்னு மட்டும் சொல்லுங்க. எங்கன்னு சொல்லாதீங்க."

(வாசகரே, என்ன பதில் வரும் என்று உங்களுக்கும் எனக்கும் இந்த இடத்தில் ஒரே அரிப்புத்தான். முதல் வரியிலேயே கேட்காமல் அவள் மனதுக்குள் நுழைந்தவள் நான். இன்னும் ஒரு வரி நுழைவதற்கு என்ன?)

திரை ஒளிர்ந்தது. எடுத்துப் படித்தாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தாள்.

"என்ன வந்துச்சு?" என்று கேட்டேன்.

அண்ணனிடம் பேசிய அதே குரல்தான் எனக்கும் கிடைத்தது.

"சொல்ல மாட்டேன்."