பதினேழு சாமான்கள்

நெடுந்தீவில் ஒரு பழக்கம் உண்டு. யாழ்ப்பாணம் போகிறவன் ஒரு சாமானுக்காகப் போகமாட்டான். முதல் நாளே அயலெல்லாம் கேட்டு, இன்னாருக்கு இஞ்சி, இன்னாருக்குச் சைக்கிள் ரியூப் என்று துண்டு எழுதிக்கொண்டுதான் படகேறுவான். கடலைத் தாண்டிப் போய்விட்டு வந்து "ஐயோ, மறந்துபோனன்" என்றால் யார் கேட்பது?

இது நன்றாகத் தெரிந்த அமலதாஸ்தான் ஒரே வேலைக்கு மூன்று தரம் படகேறினார்.

2004ஆம் ஆண்டு அது. அவர் பார்த்துவந்த வாசிகசாலைக்கு ஒரு தொண்டு நிறுவனம் லினக்ஸ் போட்ட கொம்பியூட்டர் ஒன்றைக் கொடுத்திருந்தது. உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட பாடக் கையேடுகள். அவற்றைத் திறந்து காட்டுகிற மென்பொருள்தான் இல்லை. இணையமும் இல்லை. இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை அந்த நிறுவனத்தின் அதிகாரி விநாயகமூர்த்தி வருவார். கையேடு திறக்காவிட்டால் கொம்பியூட்டரை வேலணைத் தீவுக்கு ஏற்றிவிடுவார். கடிதமே வந்துவிட்டது.

"உது சின்ன வேலை" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அமலதாஸ் யாழ்ப்பாணத்து நெற் கபேயில் அந்த மென்பொருளைச் சீடியில் பதிந்து வந்தார். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினார். இன்னொரு துணை மென்பொருள் பொதி இல்லாமல் ஏறமாட்டேன் என்றது அது. போய்க் கொண்டுவந்தார். அந்தப் பொதி வேறு இரண்டைக் கேட்டது. அவற்றையும் கொண்டுவந்தார். அவை தங்கள் பங்குக்கு இன்னும் சிலதைக் கேட்டன. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்த ஜெனீற்றா பேப்பர் பார்க்க வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"துண்டு எழுதாமலே போனனீங்கள், அண்ணை?"

"என்ன துண்டு?"

"என்னென்ன வேணுமெண்டு அதிட்டையே ஒருமிக்கக் கேட்டிருக்கலாமெல்லே?"

அந்தக் கட்டளைக்கான விளக்கம் அதே கறுப்புத் திரையிலேயே இருந்தது. அமலதாஸ் அதை ஒருநாள் திறந்து, ஆங்கிலத்தின் நீளத்தைக் கண்டு மூடியவர். ஜெனீற்றா நான்கு பின்னேரம் அகராதியைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக வாசித்தாள். கட்டளையோடு இன்னொரு சொல்லைச் சேர்த்தால், எதையும் நிறுவாமல், தேவையான எல்லாவற்றின் பெயரையும் ஒருமிக்கச் சொல்லும் என்று கண்டுபிடித்தாள். தட்டினாள். பதினேழு பெயர்கள் வந்தன. ஒரு புள்ளி தவறாமல் கொப்பியில் எழுதினாள்.

உண்மையைச் சொன்னால், அமலதாஸுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கொப்பியை வாங்கிப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை. என்ன பொறுமை! என்ன மூளை! இப்படியொரு பிள்ளை இந்தத் தீவில் இருந்தும் ஒருவரும் கேட்கவில்லையே என்று நெஞ்சு நிறைந்தது.

புதன்கிழமை நான்காம் தரம் படகேறினார், துண்டோடு. வியாழக்கிழமை பதினேழையும் ஜெனீற்றா கொம்பியூட்டரில் ஓரிடத்தில் சேமித்து, ஒரே கட்டளையில் நிறுவினாள். கையேடு திறந்தது.

வெள்ளிக்கிழமை விநாயகமூர்த்தி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இண்டைக்கு வேலை செய்யுது. நாளைக்குப் பழுதாப்போனால்? திரும்பவும் படகோ?"

ஜெனீற்றா கொம்பியூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கட்டளையொன்றைத் தட்டி அந்த மென்பொருளையே நீக்கிவிட்டாள். கையேட்டைத் திறக்கப் பார்த்தாள், திறக்கவில்லை.

"ஐயோ பிள்ளை, என்ன செய்துபோட்டீர்!" அமலதாஸ் பாய்ந்து வந்தார்.

"பொறுங்கோ அண்ணை."

சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி நிறுவினாள். மூன்று நிமிடம். கையேடு முதற்பக்கத்தோடு வந்து நின்றது. படகும் வேண்டாம், கடலும் வேண்டாம்.

விநாயகமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். "கொம்பியூட்டர் இஞ்சையே இருக்கட்டும். பொறுப்பாளர் பேர் அமலதாஸ்தானே?"

ஊரெல்லாம் "சின்ன வேலை" என்று சொல்லித் திரிந்த மனுஷன் ஒரு கணம் தன் கைகளைப் பார்த்தார்.

"இல்லை சேர். ஜெனீற்றா எண்டு எழுதுங்கோ." பிறகு சொன்னார்: "கீழ இடமிருந்தால் என்ர பேரையும் போடுங்கோ. துண்டு கொண்டுபோறவர் எண்டு."