ஒரே கிளை, ஐந்து ஊர்

ராஸ் பென்ஹாலிகனின் கட்டைவிரலில் தக்காளிச் சாறு காய்ந்திருந்தது. வாசலில் இறைச்சி அப்பம் தின்ற கையோடு உள்ளே வந்திருக்கிறான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து உலர்செடிக் காப்பகத்தில் இருபது வருடமாகச் செடிகளைப் பதிகிற நொரீன் டக்கெட், முகத்தைச் சுளித்துக்கொண்டு அவன் தந்த செய்தித்தாள் மடிப்புகளைப் பிரித்தாள்.

சிவப்பாகப் பூக்கும் கிரெவில்லியாச் செடியின் காய்ந்த துண்டுகள் ஐந்து. எங்கே சேகரித்தது என்று சொல்கிற சீட்டுகளும் ஐந்து, அவற்றில் ஊர்களும் ஐந்து. ஐந்து இடத்தில் வளர்கிறது என்று அவள் கையெழுத்துப் போட்டால் போதும், செடி அரியவை பட்டியலிலிருந்து இறங்கிவிடும்; அது நிற்கிற மேட்டில் கல்குவாரி தோண்டலாம். ராஸுக்குச் சம்பளமே குவாரிக்காரர்கள் தருவதுதான்.

முதல் துண்டின் அடியைப் பார்த்தாள். இரண்டாவதன் நுனியை அதோடு வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. மூன்றாவதும் அப்படியே. நடுவில் புழு துளைத்த ஓட்டை ஐந்திலும் நூல் பிடித்தாற்போல ஓடியது.

"நல்ல புழு, ராஸ். மொராவா ஊருல நுழைஞ்சு முல்லேவா ஊருல வெளிய வந்திருக்கு."

"என்ன உளர்றே?"

"ஒரே கிளைய அஞ்சா நறுக்கியிருக்கே. கறிக்கடைக்காரன்கூட இவ்வளவு கேவலமா ஏமாத்தமாட்டான்."

அவன் விரலைக் கால்சட்டையில் துடைத்தபடி இளித்தான். "நாப்பத்து மூணு டிகிரி வெயில், தங்கமே! வாயத் தொறந்தா ஈ. ரெண்டு வாரம் நாயா அலைஞ்சேன், ஒரு செடி கெடைக்கல. கையெழுத்தப் போடு, பீர் வாங்கித் தர்றேன்."

"அப்போ இத எங்க வெட்டினே?"

"குவாரி மேட்டுலதான். வேற எங்க இருக்கு?" என்றவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

நொரீன் மங்காத மையுள்ள பேனாவை எடுத்தாள். அங்கே பதிவான சீட்டை யாரும் கிழிப்பதில்லை. தப்பென்றால் பக்கத்தில் இன்னொன்று ஒட்டுவார்கள், அவ்வளவுதான். ஐந்துக்கும் புதுச்சீட்டு எழுதினாள்: 'ஐந்தும் ஒரே கிளை. வெட்டியது குவாரி மேட்டில். இரண்டு வாரம் தேடியும் வேறெங்கும் இல்லை. சேகரித்தவரே சொன்னது.'

எதிரே நின்று அதைத் தலைகீழாகவே படித்த ராஸுக்கு முகம் வெளுத்தது. "நொரீன், என் பேரையாவது எடுத்துடு. பொழப்பே போயிடும்!"

"சேகரிச்சவன் பேர எடுக்கிற வழக்கம் இல்லியே. நூறு வருஷம் கழிச்சு எவளாவது இதத் தொறப்பா. இந்தப் புளுகு நாத்தத்துக்கு அவளும் மூக்கப் பொத்திக்கட்டும்."

பசை டப்பாவைத் திறந்தாள்.