சலவைக்கூடத்தின் நடுப்பள்ளம்

அந்தச் சனிக்கிழமை தெருவின் பொதுச் சலவைக்கூடத்தைக் கழுவும் முறை ரோஸ்விதாவுடையது. தெருவில் வீட்டுக்கு வீடு மாறி வரும் முறை அது. யாருடைய வாரமோ அவர்கள் வீட்டுக் கதவில் மரப்பலகை தொங்கும். மதியத்துக்குள் கட்டடத்தையே இடிக்கப்போகிறார்கள் என்பதற்காக முறையை விட்டுவிட முடியுமா? வாளியும் துடைப்பமுமாக வந்து நின்றாள்.

இடிக்க வந்த பொக்லைன் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த ஐசலே சிரித்தார்.

"என்ன பியானோ டீச்சர், சாகப்போறவனுக்கு சவரமா?"

"அழுக்கோட இடிச்சா ஊரு என்னைத்தான் பேசும். நீங்க சாப்பிடுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, மனம் ஆறவில்லை. அவளுடைய கொள்ளுத்தாத்தா, பூட்டுப் பட்டறைக்காரர் கொட்லோப், குதிரையில்லாமல் ஓடிய தன் மூன்று சக்கர வண்டியை இங்கேதான் செய்தார் என்பது வீட்டுப் பேச்சு. நிரூபிக்க ஒரு எண்ணெய்க் கறைகூட இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தெருவே தேய்த்துத் தேய்த்துச் சரித்திரத்தைச் சாக்கடையில் விட்டிருந்தது. துணி காயப்போடும் இரும்புத் தண்டுதான் அந்த வண்டியின் பின்சக்கர அச்சு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இரும்புத் தண்டு எங்கேயும் கிடைக்குமே என்று வருத்தத்தோடு கைவிரித்தார், பழங்கட்டடத் துறையிலிருந்து வந்த ராப் அம்மாள். இடிக்க ஒப்புதல் தர வந்த அவரும் இப்போது வாசலில் நின்றிருந்தார்.

ரோஸ்விதா உள்ளே நின்று, கடைசி வாளித் தண்ணீரை உயரமான வாசற்கல்லின் மேல் ஊற்றினாள். கல்லின் நடுவே ஒரு பள்ளம். வடிகால் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தண்ணீர் அதன் வழியே உள்பக்கம் ஓடி வந்து அவள் செருப்பை நனைத்தது.

"எப்பவும் இப்படித்தானா?" என்றார் ராப்.

"எப்பவும்தான். வெட்டினவன் குடிச்சிருப்பான்னு எங்கம்மா திட்டுவாங்க."

"நம்மூர்க் கொத்தனாரா? தண்ணிய வீட்டுக்குள்ள விடுறதுக்கு வடிகால் வெட்டுவாரா?"

ரோஸ்விதாவின் பார்வை மெல்ல நகர்ந்தது. பள்ளத்துக்கு இடப்பக்கம் ஒரு சிமெண்ட் பூச்சு, வலப்பக்கம் ஒன்று. எத்தனை முறை தேய்த்திருப்பாள்.

"ஐசலே, உளி இருக்கா?"

ரொட்டியை இருக்கையில் போட்டுவிட்டு அவர் குதித்து வந்தார். சிமெண்ட் பெயர்ந்தது. அடியில் உளியால் வெட்டிய இன்னொரு பள்ளம், உள்ளிருந்து ஏறும் அதே சரிவு. மறுபக்கமும் அப்படியே.

"குதிரை வண்டின்னா ரெண்டு பள்ளம் போதும்," என்றார் ஐசலே மூச்சு வாங்க. "நடுவுல குதிரைதான் போகும். குதிரைக்கு எதுக்குங்க பள்ளம்?"

ரோஸ்விதா அதற்குள் தண்டைக் கழற்றியிருந்தாள். ராப் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். கல்லின் மேல் குறுக்கே வைத்தார்கள். சக்கரம் மாட்டித் தேய்ந்த இரண்டு முனைகளும் பக்கத்துப் பள்ளங்களுக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்தன. நடுப்பள்ளம் முன்சக்கரத்துக்கு மிஞ்சியது.

ராப் ஈரத்தரையில் மண்டியிட்டபடியே தொலைபேசியை எடுத்தார்.

"வேலைய நிறுத்தச் சொல்லுங்க. இல்ல, சலவைக்கூடம் இல்ல. மோட்டார் பட்டறை. ஆமா, நானே பார்த்துட்டேன்."

ரோஸ்விதா வீட்டுக்கு ஓடிப்போய் மரப்பலகையைக் கொண்டுவந்தாள். பொக்லைனின் கைப்பிடியில் மாட்டினாள்.

"அடுத்த வாரம் உங்க முறை, ஐசலே."

"நான் இந்தத் தெருவே இல்லையே, டீச்சர்."

"உங்க வண்டி இங்கதானே நிக்குது."