ஃபார்மலின் விடும் நேரம்

கண்ணாயியின் ரத்தத்தை இரண்டாம் முறையும் எந்திரத்தால் எண்ண முடியவில்லை. கீழ்நாட்டு ரத்தமெல்லாம் ஒழுங்காக எண்ணப்படும்போது, கொல்லிமலைக் குழாய்கள் மட்டும் ஏன் இப்படி என்று சோளக்காட்டு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதகர் கோகிலவாணிக்குப் பிடிபடவில்லை.

அது 2005. எச்.ஐ.வி. கண்டவர்களுக்கு, சி.டி.4 என்ற வகை வெள்ளையணுக்கள் இருநூறுக்குக் கீழே என்று தாள் வந்தால்தான் மாத்திரை தொடங்குவார்கள். கொல்லிமலையின் குண்டூர் நாட்டில் மிளகுக்கொடி ஏறிப் பறித்த கண்ணாயிக்கு இப்போது வாசற்படி ஏறவே மூச்சு வாங்கியது.

மலைப் பேருந்து இறங்கி, எண்ணும் எந்திரம் உள்ள நகரத்து ஆய்வகம் சேர மாலை ஐந்தரை ஆகிவிடும். ஐந்துக்கு மேல் அங்கே ஒருவர்தான். குழாய் உடைந்தால் உதவிக்கு ஆளில்லை. அதனால் ஃபார்மலின் விட்ட ரத்தத்துக்கு மட்டுமே அனுமதி. ஃபார்மலின் கிருமியைக் கொல்லும், அணுவை அப்படியே இறுக்கி நிறுத்தும். நியாயமான விதி. அதை மதித்து, ரத்தம் எடுத்த கையோடு ஃபார்மலினை விட்டாள் கோகிலவாணி.

“மலை ரத்தம்னாலே இப்படித்தாம்மா. அந்தம்மாவையே காலையில இங்க வரச்சொல்லு,” என்று நகரத்து ஆய்வகத்தில் அவளிடம் சொன்னார் பொறுப்பாளர் காளியண்ணன்.

“நடக்கவே முடியாதவங்க எழுபது வளைவு எறங்கி வருவாங்களா சார்? வரமாட்டாங்க. எண்ணிக்கை தெரியாம நானும் ஊட்டுக்குப் போகமாட்டேனுங்க.”

“அப்ப இங்கயே பாய் போட்டுக்க.”

“போட்டுக்கறேனுங்க. மொதல்ல எந்த எடத்துல கெட்டுப்போவுதுன்னு காட்டுங்க.”

முனகிக்கொண்டே அவர் நகரத்துக் குழாய் ஒன்றையும் கண்ணாயியின் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்பணுக்களை உடைக்கும் கரைசலை இரண்டிலும் விட்டார். பத்து நிமிடத்தில் நகரத்து ரத்தம் தெளிந்தது. பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்து தெரிந்தது. கண்ணாயியுடையது கலங்கியே நின்றது.

“பாத்தீங்களா? டவுன் ரத்தம் அஞ்சுக்கு முன்னாடியே வந்துருது, அதுல ஃபார்மலின் இல்லை. இதுல ஃபார்மலின் செவப்பணுவையும் இறுக்கிப்போட்டுது, ஒடையவே இல்லீங்க. இத்தனை செவப்புக்குள்ள வெள்ளையணு எப்படித் தெரியும்? மலை ரத்தத்துல ஒரு கொறையும் இல்லீங்க சார். சி.டி.4 அணுவ அடையாளம் காட்டற சாயத்தையும் இந்தக் கரைசலையும் ஐஸ் பெட்டியில போட்டுக் குடுங்க.”

“மலை மேல லேப் வெக்கப்போறியா?”

“ஆமாங்க. குடுக்கலைன்னா பாய விரிக்கறேன்.”

காளியண்ணன் முறைத்தார். பிறகு குளிர்பெட்டியைத் திறந்தார்.

அடுத்த வாரம் ஐந்து நாற்பதுக்கு அவள் நீட்டிய குழாயை விதி தடுக்கவில்லை. எண்ணிக்கை நூற்று அறுபத்து நான்கு. கண்ணாயிக்கு மாத்திரை தொடங்கியது.

சோளக்காட்டில் அவள் செய்தது இதுதான்: ரத்தத்தில் முதலில் சாயத்தை விட்டு இருபது நிமிடம் இருட்டில் வைத்தாள். அடுத்து கரைசலை விட்டு, எழுத்து தெரியும்வரை சிவப்பணுக்களை உடைத்தாள். அதன் பிறகே ஃபார்மலின் விட்டு, கருப்புத் தாள் சுற்றி, ஐஸில் வைத்துப் பேருந்து ஏறினாள்.