தரையில் குத்திய உதை

நெப்ராஸ்காவில் பள்ளி அமெரிக்க ஃபுட்பால் ஆட்டங்களுக்கு நான் நடுவர். புள்ளி எடுத்த அணி, எதிரணிக்குப் பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் அணியில் பந்தை உதைக்கும் கோல்பி அதைத் தரையில் குத்தி உயர எழுப்புவான். எதிரணிக்குப் போகுமுன் எங்கள் பிள்ளைகளே பாய்ந்து பிடித்துவிடுவார்கள். மோதலில் அடிபடுகிறது என்று அந்த ஆண்டு புது விதி அதைத் தடுத்தது. எங்கள் அணியின் பயிற்சியாளர் லைலிடம் ஆகஸ்டிலேயே நேரில் சொன்னேன்.

அக்டோபரில், புள்ளி எடுத்தும் இன்னும் ஐந்து பின்தங்கியிருந்த கடைசி நிமிடத்தில், கோல்பி அதையே உதைத்தான். நான் விசில் ஊதி தவறு என்று காட்டும் மஞ்சள் துணியை வீசினேன்.

“கண்ணு அவிஞ்சு போச்சாடா? சொந்த ஊரையே கவுக்கிறியே!” என்று லைல் பாய்ந்து வந்தான். கூட்டத்திலிருந்து பறந்துவந்த காப்பிக் கோப்பை என் முதுகில் பட்டது.

“ஆகஸ்ட்லயே உங்கிட்ட சொன்னேன்ல?”

கோல்பி ஹெல்மெட்டைக் கழற்றினான். “சொன்னாரா கோச்? எங்ககிட்ட ஏன் மறைச்சீங்க?”

“வாய மூடிட்டு மறுபடி உதைடா.”

தண்டனையாக ஐந்து கஜம் பின்னாலிருந்து உதைத்தான். எதிரணி பிடித்துக்கொண்டது, தோற்றோம். லைல் நீட்டிய கையைக் கோல்பி தொடவேயில்லை.

வெளியே வந்தால் என் கார்ச் சக்கரம் நான்கிலும் காற்று இல்லை. லைல் தன் வண்டியை என்னருகே மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, “நடந்தே போ” என்றான்.